இசைவின் வரலாறு: தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பரிசோதனை

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பெயர்ப்பலகையின் கீழ் இயங்கும் அறையில், ஒருவரிடமிருந்து இரத்தம் எடுப்பதற்கு முன் அவருடைய ஒப்புதலைக் கேட்டுப் பதிவு செய்வது இன்று அன்றாட நடைமுறையாகிவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் செய்யப்படும் எச்.ஐ.வி. பரிசோதனை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, சட்டத்துக்குப் புறம்பானது. ஆனால் இக்கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட 1986ஆம் ஆண்டில் அப்படியொரு கேள்வி கேட்கப்படவில்லை. கேட்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றியதாகவும் தெரியவில்லை. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் பரிசோதனைக் கருவிகள் பலவாறு மாறின என்றாலும், பரிசோதித்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதில் நேர்ந்த மாற்றமே வரலாற்றில் பெரியது. தொற்றுக்கான இடர் என்பது 'இன்னார்' என்று ஆட்களைச் சுட்டும் அடையாளமாக இருந்து, 'இன்ன செயல்' என்று கணக்கிடத்தக்க ஒன்றாக மெல்ல மாறியதும் அதனோடு சேர்ந்தே நிகழ்ந்தது.

பால்வினை நோய்க்காக ஒருவரை அவர் விருப்பமின்றிப் பரிசோதிக்கும் வழக்கம் எச்.ஐ.வி.யோடு தொடங்கியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஊர்வழக்கில் கிரந்தி என்றும் மேகப்புண் என்றும் சொல்லப்பட்ட சிபிலிஸ் நோய் பிரிட்டிஷ் படைவீரர்களைப் பெருமளவில் படுக்கையில் தள்ளியபோது, படை முகாம்களை ஒட்டி 'லாக் ஆஸ்பத்திரி' எனப்பட்ட அடைப்பு மருத்துவமனைகள் சென்னை மாகாணத்திலும் நிறுவப்பட்டன. 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் பரத்தையர் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளவும், குறித்த நாட்களில் உடலைக் காட்டிப் பரிசோதனைக்கு உட்படவும், நோய் இருப்பதாக மருத்துவர் கருதினால் குணமாகும்வரை அடைபட்டுக் கிடக்கவும் கட்டளையிட்டது. அவர்களிடம் வந்துபோன ஆண்களைப் பற்றி அது கவலைப்படவில்லை. பலத்த எதிர்ப்புக்குப் பின் 1888இல் சட்டம் நீக்கப்பட்டபோதிலும், நோய் பெண்ணிடமிருந்தே கிளம்புகிறது, ஆகவே அவளைச் சோதித்தால் போதும் என்ற எண்ணம் மட்டும் நீங்கவில்லை. 1930இல் சென்னை மாகாணத்திலும் 1956இல் நடுவண் அரசாலும் இயற்றப்பட்ட பாலியல் வணிகத் தடுப்புச் சட்டங்களின் வழியில் பிடிபட்ட பெண்கள் அரசுக் காப்பகங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவற்றுள் ஒன்றுதான் மயிலாப்பூரில் இருந்த, 'விஜிலென்ஸ் ஹோம்' என்று நகரத்தார் அறிந்திருந்த காப்பகம், எச்.ஐ.வி.யின் இந்திய வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அரிய வகை நிமோனியாவைப் பற்றி 1981 ஜூன் மாதம் வெளியான சிறு அறிக்கையே எய்ட்ஸ் குறித்த முதல் மருத்துவப் பதிவு. 1983இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லூக் மொந்தாஞ்யேயும் அதற்குக் காரணமான வைரசை, அதாவது எச்.ஐ.வி.யை, பிரித்தெடுத்தனர். 1985 மார்ச்சில் அமெரிக்க அரசு முதல் பரிசோதனைக் கருவிக்கு உரிமம் வழங்கியது. 'எலைசா' எனப்படும் அம்முறையில் வைரசின் புரதம் சிறு குழிகளைக் கொண்ட தட்டில் முன்கூட்டியே ஒட்டவைக்கப்பட்டிருக்கும். சோதிக்கப்படுபவரின் இரத்தநீரை அதில் ஊற்றினால், வைரசை எதிர்த்து அவருடைய உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும். அடுத்துச் சேர்க்கப்படும் நொதியும் வேதிப்பொருளும் அந்தப் பிணைப்பை நிறமாற்றத்தால் காட்டிக்கொடுக்கும். இக்கருவி நோயாளியை நோக்கி உருவாக்கப்பட்டதன்று, இரத்த வங்கியை நோக்கி உருவாக்கப்பட்டது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். எந்தப் புட்டியைக் கொட்டிவிடுவது என்ற கேள்விக்கே அது விடை சொன்னது. அந்தப் புட்டிக்குரிய மனிதரிடம் என்ன சொல்வது, சொன்னபின் அவருக்கு என்ன செய்வது என்பவற்றுக்கு அன்று எந்த நாட்டிலும் தெளிவான விடை இல்லை.

சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தம் மேற்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஆய்வேட்டுக்குரிய பொருளாக எய்ட்ஸ் கண்காணிப்பை முன்மொழிந்தபோது, இந்நோய் மேலை நாட்டு வாழ்க்கைமுறையின் விளைவு, இந்தியக் குடும்ப ஒழுக்கத்தின்முன் அது தலைகாட்டாது என்பதே மருத்துவ உலகிலும் பத்திரிகைகளிலும் பொதுக்கருத்தாக இருந்தது. பம்பாயில் எடுக்கப்பட்டிருந்த சில மாதிரிகளில் தொற்று காணப்படாதது அக்கருத்துக்கு வலுவூட்டியது. பம்பாயைப்போலப் பாலியல் தொழிலுக்கென்று தனித் தெருக்கள் சென்னையில் இல்லாததால், நிர்மலா அரசுப் பொது மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்த பெண்களோடு முதலில் பழகி, அவர்கள் வழியே காப்பகத்தை அறிந்து, கணவரின் ஸ்கூட்டரில் அங்கே போய்வந்து, ஏறத்தாழ நூறு பெண்களிடம் இரத்தம் சேகரித்தார். அவரிடம் கையுறையோ பிற பாதுகாப்புச் சாதனமோ இல்லை. பிரித்தெடுத்த இரத்தநீர் முறையான குளிர்பதனக் கிடங்கு இல்லாமையால் அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தது.

சென்னையில் எலைசா வசதி இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வைரசியல் பேராசிரியர் ஜேக்கப் ஜானின் பிரிவில் அது இருந்தது. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் அவருடைய கணவரும் பனிக்கட்டிப் பெட்டியோடு இரவு இரயிலில் காட்பாடிக்குச் சென்று, அங்கிருந்து ஆட்டோவில் கல்லூரியை அடைந்தார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. முதலில் நம்ப மறுத்து, மீண்டும் செய்துபார்த்தபோதும் அவையே மாறின. பின்னர் அப்பெண்களிடம் மறுபடியும் இரத்தம் எடுக்கப்பட்டு, அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 'வெஸ்டர்ன் பிளாட்' என்னும் உறுதிப்படுத்தும் சோதனையிலும் தொற்று மெய்யென்று தெரிந்தது. வெஸ்டர்ன் பிளாட் என்பது வைரசின் புரதங்களைத் தனித்தனியே பிரித்து, எந்தெந்தப் புரதத்துக்கு எதிராக எதிர்ப்பொருள் இருக்கிறது என்று கோடுகோடாகக் காட்டுவது. தற்செயலான நிறமாற்றத்தால் ஏமாறுவதற்கு அதில் இடம் குறைவு. மாநில நல்வாழ்வுத்துறை அமைச்சராக இருந்த எச்.வி. ஹண்டே சட்டப்பேரவையில் செய்தியை அறிவித்தார். சென்னையைப் போன்ற ஊரிலா என்று பலர் ஐயுற்றார்கள். தமிழரல்லாத ஒருவர் தமிழகத்துக்கு அவப்பெயர் தேடித்தருகிறார் என்று சாலமன்மீது பழி சொன்னவர்களும் உண்டு.

இந்தக் கண்டுபிடிப்பு போதிய பொருளுதவியின்றி, பெரும்பாலும் இருவருடைய பிடிவாதத்தால் நிகழ்ந்தது என்பதில் ஐயமில்லை. இந்திய இரத்த வங்கிகளில் எச்.ஐ.வி. சோதனை கட்டாயமாவதற்கு அது வழி திறந்ததால், அது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. எனினும் அந்தப் பெண்களுக்குத் தம் இரத்தம் எதற்காக எடுக்கப்படுகிறது என்று சொல்லப்படவில்லை. எய்ட்ஸ் என்று சொல்லியிருந்தாலும் அவர்களுக்குப் புரிந்திராது என்று நிர்மலா பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள். அன்றைய மருத்துவ நெறியில் இது விதிமீறலாகக் கருதப்படவில்லை என்பதையும், காப்பகத்தில் அடைபட்டிருக்கும் பெண் கை நீட்ட மறுக்கக்கூடிய நிலையில் இருந்தாளா என்ற கேள்வியையும் சேர்த்தே எடைபோட வேண்டும். மருத்துவரைக் குறைகூறுவதைவிட, சோதனையில் தொற்று தெரிந்தபின் அப்பெண்களுக்குத் தருவதற்கு எவரிடமும் ஒன்றும் இருக்கவில்லை என்பதைக் கவனிப்பதே இங்கே பொருத்தம். மருந்து கையில் இல்லாத காலத்தில் பரிசோதனை முடிவு சோதிக்கப்பட்டவருக்குப் பயன்படுவதில்லை. அவரிடமிருந்து மற்றவர்கள் தப்பித்துக்கொள்ளவே பயன்படுகிறது.

அடுத்த சில ஆண்டுகளில் நடந்தவை இதற்குச் சான்று. தண்டனைக் காலம் முடிந்த பின்னும், தொற்று உள்ளது என்ற ஒரே காரணத்துக்காகப் பெண்கள் காப்பகத்தில் நிறுத்திவைக்கப்பட்டார்கள். இதழாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் பயனாகவே 1990இல் அவர்கள் வெளியே வந்தார்கள். அதே ஆண்டில் பம்பாயின் பாலியல் தொழில் விடுதிகளிலிருந்து மீட்கப்பட்ட தமிழ்ப் பெண்கள் பல நூறு பேர் தனி இரயிலில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டனர். 'முக்தி எக்ஸ்பிரஸ்' என்று அந்த இரயிலுக்கு வழங்கிய பெயரில் உள்ள முக்தி யாருக்குக் கிடைத்தது என்பது விடை காண எளிதான கேள்வியன்று. கோவாவில் டொமினிக் டிசௌசா என்ற இளைஞர், இரத்த தானம் செய்தபோது நடந்த சோதனையின் விளைவாக, 1989 பிப்ரவரியில் காவலர்களால் அழைத்துச்செல்லப்பட்டு, அம்மாநிலப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி கைவிடப்பட்ட காசநோய் மனையொன்றில் 64 நாட்கள் தனியாக அடைத்துவைக்கப்பட்டார். தம்மிடம் என்ன சோதிக்கப்பட்டது என்பதே காவலர்கள் அழைத்துச்சென்ற பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

தானமாகத் தரப்படும் இரத்தத்தைச் சோதிப்பது 1980களின் இறுதியில் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. பணத்துக்காக இரத்தம் விற்கும் வழக்கத்தை ஒழிக்கும்படி உச்சநீதிமன்றம் 1996இல் ஆணையிட்டது. 1998 முதல் அது தடைசெய்யப்பட்டது. இரத்தம் பாதுகாப்பானதாயிற்று, தந்தவரின் நிலை மட்டும் தெளிவற்றே இருந்தது. தொடக்க காலக் கொள்கைப்படி புட்டி அழிக்கப்படும், கொடுத்தவருக்கு முடிவைத் தெரிவிப்பது கட்டாயமன்று. தெரிவிக்கப்பட்ட இடத்திலோ அது உரியவரைத் தாண்டி ஊருக்கும் தெரிந்தது. 1990களின் நடுவில் சென்னையின் ஒரு தனியார் மருத்துவமனையில் உறவினரின் அறுவைச் சிகிச்சைக்காக இரத்தம் கொடுத்த ஒருவருக்குத் தொற்று இருப்பது வெளிப்பட, அவருடைய திருமணம் நின்றது. இரகசியம் காக்கப்படவில்லை என்று அவர் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1998இல் மருத்துவமனையின் பக்கம் நின்றதோடு, தொற்றுள்ளவருக்குத் திருமணம் செய்யும் உரிமையே நிறுத்திவைக்கப்படுவதாகவும் கூறியது. அந்தக் கூற்று அவ்வழக்குக்குத் தேவையற்றது என்று அதே நீதிமன்றம் 2002இல் விலக்கிக்கொண்டது என்றாலும், இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் பரிசோதனைக்குப் போகத் தயங்கியவருக்கு அத்தீர்ப்பு நல்லதொரு காரணத்தைக் கொடுத்திருந்தது.

1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தோன்றியது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம், மாநில அளவில் நாட்டிலேயே முதலாவதாக, பதிவுசெய்யப்பட்ட சங்கமாக அமைக்கப்பட்டது. அரசுத் துறையின் கோப்பு நடையிலிருந்து விலகி விரைந்து செலவிட அது உதவியது என்பதற்குமேல் அமைப்பு வரலாற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. அவ்வமைப்புகள் கையாண்ட மொழியே முக்கியமானது. பாலியல் தொழிலாளர், லாரி ஓட்டுநர், ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கையர், ஊசிவழிப் போதைப்பொருள் பயன்படுத்துவோர் ஆகியோரை 'இடர் மிகுந்த பிரிவினர்' என்று வகுத்தது நோய்ப்பரவலை ஆராய்வோருக்கு வசதியாக இருந்தது. சுவரொட்டியில் ஏறியபோது அது மற்ற அனைவருக்கும் நிம்மதிச் சீட்டாகிவிட்டது. லாரிக் கூண்டு கட்டும் தொழிலுக்கும், வடநாடு வரை ஓடும் வண்டிகளுக்கும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளுக்கும் பேர்போன நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டு வட்டாரத்தில் தொற்று மிகுந்திருந்தது மெய். வாரக்கணக்கில் வீட்டைவிட்டு நெடுஞ்சாலையில் கிடக்கும் தொழிலின் அமைப்பு அதற்குக் காரணம். ஆனால் ஓட்டுநர் என்ற சொல் நோயின் பெயரோடு ஒட்டிக்கொண்டதால், லாரி ஓட்டாதவர் தம்மைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஓட்டுபவர் சோதனைக்குப் போகக் கூசினார்.

2003ஆம் ஆண்டு வாக்கில் தமிழகத் தெருமுனைகளில் முளைத்த 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அது பலருடைய கண்டனத்துக்கும் கேலிக்கும் ஆளானது. பெயர் நையாண்டிச் சொல்லாகி, பள்ளிச் சிறுவர் வாயிலும் புழங்கியது. ஆயினும் அதற்கு முந்தைய விளம்பரங்கள் எய்ட்ஸை 'உயிர்க்கொல்லி' என்று அச்சுறுத்தியும் ஒழுக்கம் போதித்தும் நின்றுவிட்டிருக்க, இது ஒரு தனி மனிதனுக்குத் தொற்று வருமா வராதா என்பதைக் கேள்வியாக எழுப்பியது. வரும் என்றோ வராது என்றோ சொல்லிவிடாமல் அவன் என்ன செய்தான் என்பதை யோசிக்கவைத்தது. அந்தக் கேள்வியைத் தன்னைப் பற்றிக் கேட்டுக்கொள்பவரே பரிசோதனை அறையின் வாசல்வரை வருகிறார்.

கேள்விக்கு எண்களால் விடை சொல்ல முடியும். தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தொற்று உறுதி. ஊசியைப் பகிர்ந்துகொள்வதில் 10,000 முறைக்கு ஏறத்தாழ 63 முறை தொற்றலாம். ஆசனவாய்வழி உறவில் ஏற்கும் நிலையில் இருப்பவருக்கு 138. யோனிவழி உறவில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4. துணைவருக்குத் தொற்று உள்ளது, ஆணுறை இல்லை, மருந்தும் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலை நாட்டு ஆய்வுகளிலிருந்து பெறப்பட்ட சராசரிகள் இவை. தொட்டுப் பேசுவதாலும், ஒரே தட்டில் உண்பதாலும், கொசுக்கடியாலும் பரவுவது இல்லை. எட்டு, நான்கு என்ற எண்கள் பார்வைக்குச் சிறியவை; ஒருமுறைக்குரிய கணக்கை வாழ்நாளுக்குரிய கணக்காக வாசிப்பவர் அவற்றால் ஏமாறுவார். தொற்றுள்ள கணவரோடு ஆண்டுக்கு நூறு முறை கூடும் மனைவிக்கு முதல் ஆண்டில் நூற்றுக்கு எட்டு அளவிலும், ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவிலும் தொற்றும் வாய்ப்பு ஏறுகிறது. வேறு பால்வினை நோயால் புண் இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். 'ஒரே ஒருமுறைதான்' என்பவரின் நிம்மதிக்கும், 'ஒருமுறையிலேயே போயிற்று' என்பவரின் பீதிக்கும் நடுவில்தான் உண்மை இருக்கிறது.

இந்தக் கணக்கு அன்றைய தமிழ்நாட்டில் குடும்பங்களுக்குள் நிகழ்ந்துகொண்டிருந்தது. சுனிதி சாலமன் 1993இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற ஆய்வு, சிகிச்சை மையத்துக்கு வந்த தொற்றுள்ள பெண்களைப் பற்றி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, அவர்களுள் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு ஆணை அறியாத இல்லத்தரசிகள் என்று காட்டியது. எந்த 'இடர் மிகுந்த பிரிவிலும்' இடம்பெறாத அப்பெண்களுக்குத் திருமணமே இடராக அமைந்திருந்தது. நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யாவும் தோழியரும் 1998இல் சென்னையில் தொடங்கிய பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்ற தொற்றுள்ள பெண்களின் கூட்டமைப்பு இவ்வுண்மையை வெளிப்படையாகப் பேசியது. இவ்வமைப்புகளுக்குப் பின்னரே 'எய்ட்ஸ் நோயாளி' என்ற சொல் பின்தள்ளப்பட்டு 'எச்.ஐ.வி. உள்ளோர்' என்ற தொடர் தமிழில் வேரூன்றியது.

இதே காலத்தில் அரசு, பரவலின் அளவை அறிய, 'தொடர்பறுத்த பெயரற்ற சோதனை' என்னும் முறையைக் கையாண்டது. கர்ப்பிணிகளிடம் சிபிலிஸ் சோதனைக்கென எடுத்த இரத்தத்தில் மிச்சத்தை, பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, எச்.ஐ.வி.க்குச் சோதிப்பது அது. பெயரே இல்லாதபோது ஒப்புதலும் தேவையில்லை என்பது அதன் தருக்கம். மாவட்டத்தில் நூற்றுக்கு எத்தனை பேர் என்று அரசுக்குத் தெரியும், அந்த எத்தனை பேருள் தானும் ஒருத்தி என்பது அந்தக் கர்ப்பிணிக்குத் தெரியாது. இம்முறையால் பெற்ற எண்களும் முழுமையாக நம்பத்தக்கனவாக இல்லை: மருத்துவமனைக்கு வருவோரை வைத்து நாடு முழுவதற்கும் மதிப்பிட்டபோது 52 இலட்சம் என்று சொல்லப்பட்ட தொகை, மூன்றாம் தேசியக் குடும்பநல ஆய்வில் வீடுவீடாகச் சென்று ஒப்புதலோடு சோதித்த முடிவுகளும் கைக்கு வந்தபின், 2007இல் 25 இலட்சமாகக் குறைக்கப்பட்டது.

தன்னார்வமாக வருவோருக்கான ஆலோசனை, பரிசோதனை மையங்கள் 1990களின் இறுதியில் தொடங்கி, 2006க்குப் பின் ஒருங்கிணைந்த மையங்களாக விரிந்து, தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று பெயர் பெற்றன. வாசலில் எச்.ஐ.வி. என்ற எழுத்துகள் பெரிதாக இல்லாதிருப்பதே அப்பெயரின் முதற்பயன். உள்ளே ஆலோசகர் முதலில் தனியே பேசுகிறார். எந்தச் செயலால் ஐயம், எத்தனை நாளாயிற்று, முடிவை யாரிடம் சொல்லலாம் என்பன அந்தப் பேச்சின் பொருள். நாள்கணக்கு கேட்கப்படுவதற்குக் காரணம் 'சாளரக் காலம்': தொற்று ஏற்பட்டும் சோதனையில் தெரியாத இடைவெளி. எதிர்ப்பொருளைத் தேடும் துரிதச் சோதனைகளில் இது 23 முதல் 90 நாட்கள்வரை நீளலாம்; எதிர்ப்பொருளோடு வைரசின் புரதத்தையும் தேடும் நான்காம் தலைமுறை ஆய்வகச் சோதனையில் 18 முதல் 45 நாட்கள்; வைரசின் மரபுப்பொருளையே தேடும் சோதனையில் 10 முதல் 33 நாட்கள். முதல் சில வாரங்களில்தான் இரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும், பிறருக்குத் தொற்றும் வாய்ப்பும் அப்போதே மிகுதி. ஆகவே ஐயத்துக்குரிய நிகழ்வு நடந்த மறுவாரமே 'இல்லை' என்று வரும் முடிவை நம்பித் திரும்புவது, சோதிக்காமலே இருப்பதைவிடச் சில வேளைகளில் தீங்கானது. நிகழ்வு நடந்து 72 மணி நேரத்துக்குள் வந்தவருக்கோ, சோதனையைவிட அவசரமானது தடுப்பு மருந்து; அதை 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும்.

தொற்று உண்டு என்று சொல்வதற்கு, வெவ்வேறு முறையில் இயங்கும் மூன்று கருவிகளும் ஒத்துச் சொல்லவேண்டும் என்பது இந்திய விதி. ஆயிரம் பேரில் இருவருக்கே தொற்று உள்ள ஊரில், ஆயிரத்துக்கு ஐந்து முறை மட்டும் பிழைசெய்யும் நல்ல கருவியொன்றைக் கொண்டு அனைவரையும் சோதித்தால், மெய்யான இருவரோடு பொய்யான ஐவரும் அகப்படுவார்கள். ஒரே சோதனையின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு மாண்டுபோக நினைப்பவருக்கு இந்தக் கணக்கை எடுத்துச் சொல்வது ஆலோசகரின் வேலைகளுள் ஒன்று.

தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று செல்லும் வாய்ப்பு, தடுக்காவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 வரை. பிரசவ வேளையில் தாய்க்கு ஒரு நெவிரபின் மாத்திரையும் பிறந்த குழந்தைக்குச் சில துளி மருந்தும் அதைக் கணிசமாகக் குறைக்கும் என்பது தெரிந்தபின், 2002 முதல் கர்ப்பிணிகள் அனைவருக்கும் சோதனையை எடுத்துச்செல்லும் திட்டம் வளர்ந்தது. குழந்தையைக் காத்த அளவில் இதற்கு ஈடான வெற்றி வேறில்லை. இன்றைய கூட்டு மருந்துகளோடு அவ்வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனால் ஒப்புதலின் இலக்கணம் இங்கே சற்று வளைந்தது: 'வேண்டாம் என்று சொல்லாவிட்டால் சரி' என்ற வகையில் அது கேட்கப்பட்டது, வரிசையில் நிற்கும் முதல் பிரசவக்காரி வேண்டாம் என்று சொல்வது அரிது. குடும்பத்தில் முதலில் சோதிக்கப்பட்டவள் அவளே என்பதால், தொற்றைக் கொண்டுவந்தவளும் அவளே என்ற பழி மாமியார் வீட்டில் விழுந்தது. கணவரை அழைத்துவந்து சோதிக்கச் செய்வதற்கு ஆலோசகர்கள் பட்ட பாடு தனியே எழுதத்தக்கது.

சோதனையின் பொருளை அடியோடு மாற்றியது மருந்து. 1996இல் மேலை நாடுகளில் நிலைபெற்ற கூட்டு மருந்துச் சிகிச்சையின் விலை இந்தியர்க்கு எட்டாததாக இருந்தது. 2001இல் இந்திய மருந்து நிறுவனமான சிப்லா, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 350 டாலர் என்ற விலையில் தர முன்வந்தது நிலையைப் புரட்டிப்போட்டது. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவச மருந்து வழங்கத் தொடங்கிய எட்டு மையங்களுள் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. 1928இல் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக நிறுவிய, இன்றும் 'சானடோரியம்' என்று இரயில் நிலையத்துக்கே பெயர் தந்து நிற்கும் அவ்விடத்துக்கு, ஊரில் தூக்கிவிட ஆளின்றிக் கைவிடப்பட்ட எச்.ஐ.வி. உள்ளோர் 1990கள் முழுவதும் வந்துகொண்டிருந்தார்கள். இறக்க வந்த இடத்தில் மாத்திரை கிடைத்தது. அதன்பின் பரிசோதனை முடிவு அதற்குரியவருக்கே முதற்பயன் தந்தது. 2017 முதல், நோயெதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை குறையும்வரை காத்திராமல், தொற்று உறுதியானவுடனே அனைவருக்கும் மருந்து தொடங்கப்படுகிறது; மருந்தை ஒழுங்காக உட்கொண்டு இரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாத நிலைக்கு இறங்கியவரிடமிருந்து உடலுறவால் பிறருக்குத் தொற்றுவதில்லை என்பதும் நிறுவப்பட்டுள்ளது.

ஆயினும் கேட்காமல் சோதிக்கும் வழக்கம் வேறு வாசல்களில் தொடர்ந்தது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் தமிழர்க்கு விசாவுக்கு முன் நடக்கும் உடற்தகுதிச் சோதனை, பேச்சுவழக்கில் 'மெடிக்கல்', எச்.ஐ.வி.யையும் உள்ளடக்கியது. கடன் வாங்கி ஏஜெண்டுக்குப் பணம் கட்டியவர் மையத்திலிருந்து 'அன்ஃபிட்' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்புவார். என்ன குறை, எங்கே போவது என்று சொல்வதற்கு அங்கே ஆலோசகர் இருப்பது அபூர்வம். அறுவைச் சிகிச்சைக்கு முன் வழக்கமான இரத்தச் சோதனைகளோடு இதையும் சேர்த்து எடுத்துவிடுவது மருத்துவமனைகளில் பரவலாக இருந்தது.

2017இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், விளக்கிச் சொல்லிப் பெற்ற ஒப்புதல் இல்லாமல் எவரையும் சோதிக்கலாகாது என்றது. நீதிமன்ற ஆணை, தான இரத்தமும் உறுப்பும், பெயரறுத்த கண்காணிப்பு ஆகியவற்றை விதிவிலக்காக வைத்தது. வேலை, படிப்பு, சிகிச்சை ஆகியவற்றை மறுக்கும் பாகுபாட்டைத் தடை செய்தது.

சட்டம் நடைமுறைக்கு வந்து மூன்று மாதம் ஆவதற்குள், விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் கர்ப்பிணி ஒருவருக்கு அரசு மருத்துவமனையில் தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. அந்த இரத்தத்தைத் தானமாகக் கொடுத்த இளைஞர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னும் தானம் செய்திருந்தார். அப்போதே சோதனையில் தொற்று தெரிந்திருந்தும் அச்செய்தி அவரை வந்தடையவில்லை. வெளிநாட்டு வேலைக்காகத் தனியார் ஆய்வகத்தில் சோதித்துக்கொண்டபோதுதான் அவருக்குத் தம் நிலை தெரிந்தது. தெரிந்தவுடன், எவரும் கேட்காமலே, சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கிக்குச் சென்று, தாம் கொடுத்த இரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிட வேண்டாம் என்று சொன்னார். அதற்குள் அது ஏற்றப்பட்டுவிட்டிருந்தது.